மின்சாரச் சரக்கு வண்டியும் மலை ஏற்றமும்: சார்ஜ் செலவுக்கு ஒரு கணக்கு

டீசல் விலையைக் கண்டு அயர்ந்திருக்கும் விவசாயியிடம், "மின்சார வண்டி வாங்குங்கள், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் செலவாகும்" என்று விற்பனையாளர் கூறுகிறார். அக்கணக்குப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அஃது எந்தச் சாலையில், எந்த மீட்டரில், பகலிலா இரவிலா போடப்பட்ட கணக்கு என்று கேட்டறிய வேண்டியது கடன் வாங்கி வண்டி எடுக்கிறவரின் பொறுப்பாகும். சமவெளியிலே போட்ட கணக்கைப் பெருமாள்மலைக்குக் கொண்டுவந்தால் அஃது அப்படியே பொருந்தாது. சில இடங்களில் நமக்கு நஷ்டமாகவும், சில இடங்களில் எதிர்பாராத லாபமாகவும் மாறும். அதனை இங்கே ஒருவாறு விளக்க முற்படுகிறோம்.

பெருமாள்மலை என்பது கொடைக்கானலுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் இப்பால், வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் சாலையும் பழனியிலிருந்து ஏறிவரும் சாலையும் கூடுகிற இடம் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். காப்பி, மலைவாழை, ஆரஞ்சு, பட்டர் புரூட், சௌசௌ, பீன்ஸ் ஆகிய யாவும் இவ்வட்டாரத்திலிருந்து கீழே இறங்குகின்றன. 2008ஆம் ஆண்டில் விருப்பாட்சி மலைவாழைக்கும், 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்திற்கு வேண்டிய பழம் இம்மலைகளிலிருந்து இறங்கும் பழமே. ஆதலால் பெருமாள்மலையிலிருந்து பழனிக்குச் சரக்கு இறக்கி, மாலையில் வெறும் வண்டியாய் ஏறிவருவதையே நம் கணக்கிற்கு மாதிரியாக எடுத்துக்கொள்வோம். ஒரு வழித் தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

வண்டி எது? மக்கள் செல்லமாகக் குட்டியானை என்று வழங்கும் சிறு சரக்கு வண்டியின் மின்சார வகை 2022 மே மாதத்தில் அறிமுகமாயிற்று. அதில் 21.3 யூனிட் கொள்ளும் பேட்டரி உண்டு. 154 கிலோமீட்டர் ஓடும் என்பது பரிசோதனைச் சாலையில் கண்ட அளவு. சுமையும் நெரிசலும் உள்ள நம் சாலைகளில் அத்தனையை எதிர்பார்ப்பது தவறு. வேறு கம்பெனிகளும் இதே அளவிலும் இதைவிடப் பெரிய அளவிலும் வண்டிகள் விற்கின்றன. நாம் எந்தக் கம்பெனிக்கும் பரிந்து பேசவில்லை. கணக்கிற்கு ஒரு வண்டி வேண்டும், அவ்வளவே. ஓட்டுநருடன் வெறும் வண்டி 1,400 கிலோ, சுமை 600 கிலோ, ஆக மொத்தம் 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். தம் வண்டியின் எடையும் ஓட்டமும் வேறாயிருப்பின், அந்த எண்களை இட்டு இதே வழியில் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

யூனிட் என்பது யாது? ஆயிரம் வாட் விசை ஒரு மணி நேரம் வேலை செய்தால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட். வீட்டு மீட்டரில் ஓடுவதும் இதுவே. வண்டியின் பேட்டரியில் நிற்பதும் இதுவே. டீசலுக்கு லிட்டர் எப்படியோ, மின்சாரத்திற்கு யூனிட் அப்படி.

இனி மலைக்கு வருவோம். பழனியின் தரைமட்டத்திலிருந்து பெருமாள்மலைக்கு ஏற்றம் 1,200 மீட்டர் எனக் கொண்டால், ஒரு டன் பாரத்தை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு இயற்கை கேட்கும் கூலி 3¼ யூனிட்தான். வியப்பாக இல்லையா? தலைச்சுமையாகவும் பொதிமாடு மூலமாகவும் ஒரு டன் சரக்கை ஏற்றுவதற்கு முன்னாளில் எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேலை முழுவதும் 3¼ யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் உயரம் தூக்குவது மட்டும் வேலையன்று. சக்கரம் சாலையில் உருள்வதற்கும், காற்றைக் கிழித்துச் செல்வதற்கும், வளைவுக்கு வளைவு நின்று கிளம்புவதற்கும் தனியே செலவு உண்டு. 50 கிலோமீட்டரைச் சமவெளிக் கணக்கில் ஓட்டவே 8 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகிறது. வெறும் வண்டியை 1,200 மீட்டர் தூக்க 4.6 யூனிட்; மோட்டாரிலும் பேட்டரியிலும் வீணாவதைச் சேர்த்தால் 5½. ஆக ஏற்றத்திற்கு 14 யூனிட் ஆகும். 21 யூனிட் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஏற்றத்தில் தீர்ந்துவிடுகிறது என்பதைப் பார்த்து அச்சம் கொள்ள வேண்டாம். இறக்கத்தில் கதை வேறு.

டீசல் வண்டி இறங்கும்போது சரிவு தரும் வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. மலைச்சாலையில் பிரேக் லைனிங் கருகும் நாற்றத்தை அறியாத ஓட்டுநர் இரார். மின்சார வண்டியிலோ, காலை எடுத்தவுடன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறுகிறது. சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த இழுப்பே பிரேக்காகவும் உதவுகிறது. லேசான சரிவில் மலை வண்டியைத் தள்ளிவிடுகிறது; செங்குத்தான சரிவில் மலை பேட்டரியை நிரப்புகிறது. இரண்டும் நமக்கு வரவே. 2,000 கிலோ வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது மலை கொடுப்பது 6½ யூனிட். அதில் வழியில் இழப்புப் போக ஐந்தாவது நமக்குப் பயன்படும். சுமையுடன் 50 கிலோமீட்டர் உருள 9 யூனிட் தேவை. மலை தந்த ஐந்தைக் கழித்தால் நாம் கொடுக்க வேண்டியது 4 யூனிட்தான்.

ஆக ஏற்றம் 14, இறக்கம் 4. போக வர 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட். சமவெளியில் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 ஆகியிருக்கும். மலைக்கென்று நாம் கொடுக்கும் அபராதம் ஒன்றோ இரண்டோ யூனிட்தான். சுமை இறங்கி, வெறும் வண்டி ஏறுவதனால் வந்த சலுகை இது. இதையே மாற்றி, சிமெண்டும் உர மூட்டையுமாக 600 கிலோ ஏற்றிக்கொண்டு மேலே போய் வெறும் வண்டியாக இறங்கினால் ஏற்றத்திற்கு 17, இறக்கத்திற்கு 4½, மொத்தம் 21க்கு மேல் ஆகிவிடும். பேட்டரி முழுவதும் வற்றிவிடும் கணக்கு இது. மேலே சிறிது சார்ஜ் ஏற்றாமல் அப்பயணத்தை மேற்கொள்ளக் கூடாது.

சுமை இறங்கும் விசையைக் கொண்டு வேலை வாங்கும் உபாயம் புதியதன்று. நம் அண்டை மலையாகிய மூணாற்றில், டாப் ஸ்டேஷனிலிருந்து போடி பக்கம் உள்ள கோட்டக்குடிக்குத் தேயிலைப் பெட்டிகளை முன்னாளில் கம்பி வழியே இறக்கினார்கள். நம் காலத்தில் சுவிட்சர்லாந்து தேசத்தில் பீல் நகரை அடுத்த ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், 2018 முதல் பேட்டரியால் ஓடும் இராட்சத லாரி ஒன்று வேலை செய்கிறது. வெறுமையாய் மேலே ஏறி, 65 டன் கல்லைச் சுமந்து கீழே இறங்கும் அந்த லாரி, இறங்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டே அடுத்த ஏற்றத்திற்கு வேண்டியதைப் பெரும்பாலும் பெற்றுக்கொள்கிறது. "அப்படியானால் நம் வாழைத்தார் வண்டியும் சார்ஜே இல்லாமல் ஓடாதா?" என்று கேட்கத் தோன்றும். ஓடாது. அந்த லாரியின் சுமை அதன் சொந்த எடையைவிட அதிகம். பாதையோ குறுகியது, செங்குத்தானது. நம் வண்டியின் சுமை அதன் எடையில் பாதிகூட இல்லை. பாதையோ 50 கிலோமீட்டர் நீளம். மலை தருவதைச் சாலை தின்றுவிடுகிறது. மிச்சம் கிடைப்பதே நமக்கு ஆதாயம்.

பேட்டரியில் 18 யூனிட் ஏற வேண்டுமானால் மீட்டரில் 20 யூனிட் ஓடும். சார்ஜரும் பேட்டரியும் சூடாவதில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. விளம்பரக் கணக்குகளில் இந்த இரண்டு யூனிட் பெரும்பாலும் காணப்படுவதில்லை. நமக்குப் பில் வருவது மீட்டரின்படியே ஆதலால், இனி 20 என்றே எழுதுவோம்.

ஒரு யூனிட்டுக்கு என்ன விலை? இங்கேதான் அங்கத்தினர் பலர் ஏமாறும் இடம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண அட்டவணையில், இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம்; 400 வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு; 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. (பிற்பாடு விகிதம் மாறியிருப்பின், தம் வீட்டு மின்கட்டண ரசீதில் உள்ள எண்ணை இட்டுக்கொள்க, ஏணியின் அமைப்புத்தான் இங்கே முக்கியம்.) "4 ரூபாய் 80 காசு வீதம் 20 யூனிட், 96 ரூபாயில் மலை ஏறி இறங்கிவிடலாம்" என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த 4.80ஐ வீட்டு விளக்கும் மிக்சியும் தொலைக்காட்சியும் முன்னரே எடுத்துக்கொண்டன. வண்டிக்கு மிஞ்சுவன ஏணியின் மேற்படிகள்.

ஒரு வீட்டில் இரண்டு மாதத்திற்கு 300 யூனிட் செலவாகிறதென்று வைத்துக்கொள்வோம். வண்டி மாதம் 20 நடை போனால், இரண்டு மாதத்தில் 40 நடை; 800 யூனிட். மொத்தம் 1,100 யூனிட் ஆகிறது. அட்டவணைப்படி கூட்டினால் 8,190 ரூபாய். வண்டி இல்லாதிருந்தால் அதே அட்டவணையில் வீட்டிற்கு 960 ரூபாய்தான் வந்திருக்கும். அதாவது வண்டியின் பங்கு 7,230 ரூபாய். யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல்! 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்குச் சர்க்கார் தரும் கூடுதல் சலுகையும் இதனால் கைவிட்டுப் போகும் என்பதைச் சேர்த்தால் உண்மைச் செலவு இன்னும் சற்று ஏறும். ஒரு நடைக்கு 96 ரூபாய் என்று நினைத்தது 181 ரூபாய் ஆகிவிடுகிறது.

இஃது ஒரு வழி. மற்றொரு வழி, சாலையோரத்துப் பொதுச் சார்ஜிங் நிலையம். அங்கே விரைவாக ஏறும். இடமும் கம்பியும் அவர்களுடையவை. அதற்குத் தக்க விலையும் கேட்கிறார்கள். யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று கொண்டு, அதன்மேல் 18 சதவிகிதம் சரக்கு சேவை வரியையும் சேர்த்தால், பேட்டரியில் ஏறும் 18 யூனிட்டுக்கு 425 ரூபாய் ஆகிறது. அவசரத்திற்கு அது கைகொடுக்கும். அன்றாடத்திற்கு அதை நம்புவது ஓட்டல் சாப்பாட்டை நம்பிக் குடித்தனம் நடத்துவது போன்றது.

மூன்றாவது வழி, சார்ஜிங்குக்கென்றே தனி இணைப்பும் தனி மீட்டரும் பெறுவது. மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உள்ளது. மின்சாரம் வழங்குவதற்கு ஆகும் சராசரிச் செலவு 100 காசு என்றால், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சார்ஜிங் நிலையத்திற்கு 70 காசும், மற்ற நேரங்களில் 130 காசும் வாங்கலாம் என்பது அதன் சாரம். 2028 மார்ச் 31 வரை இவ்வொழுங்கு எனவும் கூறப்பட்டுள்ளது. காரணம் எளிது. நண்பகலில் சூரிய மின்சாரம் நாடெங்கும் மிகுதியாக உற்பத்தியாகிறது, வாங்குவார் குறைவு. இருட்டியபின் விளக்கும் விசிறியும் ஒருங்கே எரிய, மின்சாரத்திற்குத் தட்டுப்பாடு. சராசரியை 8 ரூபாய் என்று வைத்தால் பகலில் 5 ரூபாய் 60 காசு, மற்ற நேரத்தில் 10 ரூபாய் 40 காசு. ஒரே மீட்டர், ஒரே வண்டி. பகலில் ஏற்றினால் நடைக்கு 112 ரூபாய், இரவில் ஏற்றினால் 208 ரூபாய். நம் மாநிலத்துக் கட்டண ஆணையில் இந்நேர வேறுபாடு எந்த அளவில் அமைந்திருக்கிறது என்பதை விண்ணப்பம் போடுமுன் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

டீசல் வண்டி இதே பாதையில் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் எனக் கொள்வோம். லிட்டர் 94 ரூபாய் எனில் 658 ரூபாய். இப்பொழுது அருகருகே வைத்துப் பார்க்கலாம். டீசல் 658. பொதுச் சார்ஜிங் நிலையம் 425. இரவில் தனி மீட்டர் 208. வீட்டு மீட்டர் 181. பகலில் தனி மீட்டர் 112.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் எல்லாமே டீசலைவிட மலிவு. பின் என்ன கவலை என்று கேட்கலாம். கவலை கடனில் இருக்கிறது. மின்சார வண்டி டீசல் வண்டியைவிட மூன்று லட்சம் ரூபாய் கூடுதலாக விலை பெறுகிறதென்று கொள்வோம். மாதம் 20 நடை. பகல் தனி மீட்டரில் ஏற்றுபவருக்கு மாதம் 10,920 ரூபாய் மிச்சம். 28 மாதத்தில் அந்த மூன்று லட்சம் மீண்டுவிடும். வீட்டு மீட்டர்காரருக்கு 32 மாதம். பொது நிலையத்தையே நம்பியவருக்கோ மாதம் 4,660 ரூபாய்தான் மிச்சம். மூன்று லட்சம் திரும்ப 64 மாதம், அதாவது ஐந்தாண்டுக்கும் மேல் ஆகும். ஐந்தாண்டுத் தவணைக் கடன் அதற்குள் முடிந்துபோயிருக்கும். தவணைப் பணத்தைக் கையிலிருந்து போட்டிருப்பார். வட்டியை நாம் இதில் சேர்க்கவேயில்லை. வண்டி ஒன்றுதான், மலை ஒன்றுதான். சார்ஜ் ஏற்றும் இடமும் நேரமும் வேறானதால் ஒருவர் தலைநிமிர்கிறார், மற்றொருவர் தவணைக்குத் திண்டாடுகிறார்.

இனி, பெருமாள்மலைக்காரருக்கென்றே உள்ள நுட்பம் ஒன்று. மேலே குடியிருப்பவர் இரவெல்லாம் வீட்டில் சார்ஜ் போட்டுப் பேட்டரியை முழுவதும் நிரப்பிவிட்டு, விடியற்காலையில் சரக்கேற்றி இறங்கத் தொடங்குவார். வயிறு நிரம்பிய பேட்டரி மலை தரும் மின்சாரத்தை வாங்க மறுக்கும். முதல் பல வளைவுகளுக்கு மோட்டாரின் இழுப்புப் பிரேக் குறைந்துபோய், சக்கர பிரேக்கே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிவரும். மின்சாரமும் நஷ்டம், பிரேக்கும் சூடு. எட்டு மணி நேரம் காசு கொடுத்து ஏற்றியதை, இலவசமாகக் கிடைப்பதற்கு இடமில்லாமல் செய்துகொள்வது எவ்விதத்தில் சிக்கனம்? மேலிருந்து புறப்படுகையில் பேட்டரியில் மூன்று யூனிட்டுக்காவது இடம் காலியாயிருக்க வேண்டும்.

அதனினும் நன்று, மேலே சிறிதும் கீழே பெரிதுமாக ஏற்றுவது. ஒரு நாள் நடப்பை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் 8 யூனிட் இருப்புடன் வண்டி பெருமாள்மலையை விட்டு இறங்குகிறது. பழனி சேரும்போது 4 யூனிட் இருப்பு. மண்டியில் சரக்கு இறக்கிக் கணக்கு முடிய 10 மணி ஆகிவிடும். அங்கே சங்கத்திற்கெனக் கிடங்கோ வாடகைக்கு எடுத்த கொட்டகையோ இருந்து, அதில் தனி மீட்டரும் 15 ஆம்பியர் பிளக்கும் இருந்தால் போதும். 10 மணி முதல் 3 மணி வரை ஐந்து மணி நேரத்தில் மீட்டரில் 16 யூனிட் ஓடும். பேட்டரியில் 18 நிற்கும். பனிமூட்டம் இறங்குமுன் ஏறிவிடலாம். மேலே சேரும்போது 4 யூனிட் இருப்பு. இரவில் வீட்டில் இன்னும் 4 யூனிட் ஓடவிட்டால் மறுநாளைக்கு 8 ஆயிற்று. வீட்டு மீட்டரில் இரண்டு மாதத்திற்கு 160 யூனிட்தான் கூடுகிறது. 300 யூனிட் வீடு 460இல் நிற்கும். 500க்குள் உள்ள சலுகைக்கும் பழுதில்லை. பகல் 16 யூனிட்டுக்கு 90 ரூபாய், இரவு 4 யூனிட்டுக்கு 22 ரூபாய், ஆக 112.

இருப்பு 4 யூனிட் என்பது நெருக்கடியான இருப்பே. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதும், மண்சரிவால் சாலை அடைபடுவதும் நம் மலையில் புதுமையல்ல. ஐப்பசி கார்த்திகையில் இந்தச் சிக்கனத்தைச் சற்றுத் தளர்த்தி, மேலே கூடுதலாக ஏற்றி வைத்துக்கொள்வதே விவேகம். பழனியில் நண்பகலில் மின்தடை ஏற்பட்டால் 4 யூனிட்டுடன் மலை ஏற முடியாது. அன்றைக்குப் பொது நிலையத்திற்கு 425 ரூபாய் வீதத்தில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாதத்தில் ஒரு நாள் அவ்வாறு கொடுப்பதால் கணக்குக் கவிழ்ந்துவிடாது.

சங்கத்தின் கொட்டகைக் கூரையில் சூரியத் தகடு போடலாமா என்ற யோசனையும் எழும். ஒரு கிலோவாட் தகடு நம் சமவெளியில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட் போட்டால் 20 யூனிட். ஒரு வண்டியின் ஒரு நடைக்கு அது சரியாய் இருக்கிறது. மூட்டம் கவியும் பெருமாள்மலையைவிடப் பழனியில் போடுவதே நல்லது என்று மட்டும் சொல்லி, அதன் முதலீட்டுக் கணக்கை வேறொரு சமயத்திற்கு ஒத்திவைக்கிறோம்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. சின்னாளப்பட்டியிலிருந்து புடவைக் கட்டுகளை மதுரைக்குக் கொண்டுபோய், வரும்போது நூல் கட்டுகளை ஏற்றிவரும் வண்டிக்கு மலையும் இல்லை, பாரமும் குறைவு. போக வர 100 கிலோமீட்டர் என்றால் பேட்டரியில் 17 யூனிட், மீட்டரில் 19. மலை தரும் சலுகையும் இல்லை, மலை கேட்கும் கூலியும் இல்லை. நேரமும் மீட்டரும் பற்றிய விதிகள் மட்டும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

ஆனால் நெசவாளருக்கும் விவசாயிக்கும் பொதுவாக ஓர் எச்சரிக்கை உண்டு. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்திற்கு 300 யூனிட்டும், விசைத்தறியாளருக்கு 1,000 யூனிட்டும் இலவசம் என்று 2023 மார்ச்சில் உயர்த்தப்பட்டது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருப்பது எல்லோரும் அறிந்தது. "தறிக்கு வந்த மின்சாரம்தானே, கிணற்றுக்கு வந்த மின்சாரம்தானே, வண்டிக்குக் கொஞ்சம் எடுத்தால் என்ன?" என்ற எண்ணம் எவருக்கும் வரக்கூடும். ஒரு காரியத்திற்கென்று பெற்ற இணைப்பை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்க இடமுண்டு. பம்புசெட் இணைப்பில் இரவில் வண்டியைச் செருகி வைத்திருந்து, சோதனைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்தால், ஓராண்டு மிச்சம் ஒரே நாளில் போகும். வீட்டு இணைப்பிலும், வாடகைக்கு ஓடும் வண்டியானால், ஆட்சேபம் உண்டா என்று எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

பிளக்கு பற்றியும் சில வார்த்தைகள். 15 ஆம்பியர் பிளக்கில் ஐந்தாறு மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் ஓடுவது இஸ்திரிப் பெட்டியைப் பத்து நிமிஷம் போடுவது போன்றதன்று. பழைய வீட்டின் மெல்லிய கம்பியில் இதைச் செய்தால் கம்பி சூடேறி, காப்பிக் கொட்டை மூட்டைகளுக்கு நடுவே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மீட்டர் பலகையிலிருந்து தனிக் கம்பி, தனி பிரேக்கர், நன்றாகப் புதைத்த எர்த் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. நீட்டிப்புக் கம்பியை ஜன்னல் வழியே இழுத்துப் போடுவதை அறவே விலக்க வேண்டும். வீட்டிற்கு அனுமதிக்கப்பட்ட பளு இரண்டு கிலோவாட் மட்டுமாயின், 3.3 கிலோவாட் சார்ஜரை மாட்டுமுன் அதை உயர்த்திக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும்.

தனி ஒருவர் பழனியில் கொட்டகை பிடித்துத் தனி மீட்டர் வாங்குவது இயலாத காரியம். ஐந்து வண்டிக்காரர் சேர்ந்தால் வாடகை ஐந்தாகப் பிரிந்துவிடும். அப்படிச் சேர எண்ணும் சங்கங்கள், வண்டிக் கடனுக்கு மனுப்போடுமுன், இரண்டு மாத காலத்திற்கு இப்போது ஓடும் டீசல் வண்டிகளின் நடைப் புத்தகத்தில் நான்கு விவரங்களைத் தவறாமல் எழுதி வரும்படி கேட்டுக்கொள்கிறோம்: ஏறும்போது எத்தனை கிலோ, இறங்கும்போது எத்தனை கிலோ, கீழே எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வண்டி சும்மா நின்றது, அன்றைய டீசல் எத்தனை லிட்டர். மூன்றாவது பத்தியில் நண்பகலில் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே வந்துகொண்டிருந்தால், அந்த வண்டிக்குப் பகல் மீட்டர் பயன்படாது. இரவுக் கணக்கான 208 ரூபாயை வைத்தே அதன் கடனை யோசிக்க வேண்டும்.